வயிற்றில் மறைந்திருக்கும் காசநோயும் இரண்டு மணி நேரச் சோதனையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் நோயைப் பற்றிப் பேச முன்வந்தோம், பொறுத்தருள வேண்டுகிறோம். பிழைப்பை நாடி வடக்கே வந்த நாம், வயிற்று வலி என்றதும் சொல்லும் காரணங்கள் இரண்டே: இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கோதுமை செரிக்கவில்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் இரசஞ்சாதம் உண்டால் சரியாகிவிடும் என்கிறோம். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் மாலைதோறும் இலேசான காய்ச்சல், பசியின்மை, நாளுக்கு நாள் மெலிவு, உண்ட பின் வயிறு முறுக்கிப் பிடித்துப் பின்னர்க் கடகடவென்ற ஓசையோடு விடுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்குமாயின், தண்ணீரின் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். அது வயிற்றுக் காசநோயாக இருக்கலாம்.

காசநோய் என்றாலே நமக்கு இருமல்தான் நினைவுக்கு வரும். முடியும் நகமும் தவிர உடலில் எங்கும் அது குடிபுகக் கூடும் என்பர் மருத்துவர். வயிற்றில் அது மிகுதியாகத் தங்கும் இடம், வலப்பக்க அடிவயிற்றில் சிறுகுடல் பெருங்குடலோடு கூடும் மூலை. குடலைப் போர்த்தியுள்ள சவ்வைத் தாக்கினால் வயிற்றில் நீர் கோத்து மகோதரம் உண்டாகும். விழுங்கிய சளியினாலும், இரத்தத்தின் வழியாகவும், நோயுற்ற பசுவின் காய்ச்சாத பாலாலும் கிருமி வயிற்றை அடைகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பருகக்கூடாது என்று நம் பாட்டிமார் விதித்த விதி, காரணம் அறியாமலே அவர்கள் செய்த பேருபகாரம்.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லினில் இராபர்ட் காக் இந்நோயின் கிருமியை உலகுக்கு அறிவித்தார். நுரையீரல் நோயில் சளியிலே கிருமிகள் ஏராளமாக இருக்கும்; வயிற்று நோயிலோ மிகச் சிலவே இருக்கும். ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் அகப்படும். வளர்த்துப் பார்க்கலாமென்றால் ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் குடல் அடைபட்டு, நோயாளி அறுவை மேசைக்குப் போய்விடுவதும் உண்டு.

இந்நிலையில் வந்ததே மூலக்கூற்றுச் சோதனை. கிருமியின் டி.என்.ஏ.யில் அதற்கே உரிய ஒரு பகுதியைத் தேடிப் பிடித்து, அதைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டுவது இதன் வேலை. ஜீன் எக்ஸ்பெர்ட் என்னும் பொறியைப் பயன்படுத்தும் இச்சோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் உடன் சொல்கிறது. கோவாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட் 2020-இல் அதே ஏற்பைப் பெற்றது. மின்கலத்திலும் இயங்குவதால் மின்சாரம் நிலையில்லாத சிற்றூருக்கும் அது ஏற்றது. இது நம் நாட்டுப் பொருள் என்பதில் நமக்கொரு பெருமிதம் உண்டு, அதை மறைப்பானேன்?

ஆயினும் இதன் எல்லையை அறியாமல் கொண்டாடுவது ஆபத்து. சோதனை ‘உண்டு’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால், நோய் இல்லையென்று பொருளாகாது. குடலிலிருந்து எடுத்த சதைத்துண்டிலும் வயிற்று நீரிலும் கிருமி குறைவாதலால், உண்மையான நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தவறவிட்ட ஆய்வுகளும் உண்டு. ஆகையால் சதைத்துண்டின் நுண்ணோக்கித் தோற்றம், ஸ்கேன் படம், வயிற்று நீரில் ஏ.டி.ஏ. அளவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். கிரோன் நோய் என்ற ஒன்று வயிற்றுக் காசநோயின் இரட்டைப் பிறவி போலத் தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். காசநோயாளிக்கு அதைக் கொடுத்தால் உடலின் காவல் தளர்ந்து, நோய் பரவிவிடும். கிரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்தைக் கொடுத்துக் கொண்டிருந்தாலோ மாதங்கள் வீணாகும். ‘இல்லை’ என்ற ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் அவசரப்படலாகாது.

குடும்பத்தார் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. இதனைச் சற்று அழுத்திச் சொல்லுகிறோம். கொலோனோஸ்கோபியில் எடுக்கும் சதைத்துண்டை வழக்கமாக ஃபார்மலினில் இடுவர். ஃபார்மலினில் கிருமி மடியும், பின்னர் வளர்த்துப் பார்க்க இயலாது, டி.என்.ஏ.யும் சிதையும். எனவே வேறு சில துண்டுகளை ஃபார்மலின் கலவாத சலைனில் இட்டு, மூலக்கூற்றுச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். இதை முன்னதாகவே பணிவுடன் மருத்துவரிடம் கேளுங்கள். துண்டு ஃபார்மலினில் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. காசநோய்க்கென்று இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைகளை இந்திய அரசு 2012-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. எவரேனும் பரிந்துரைத்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நோய் உறுதியானால் அஞ்ச வேண்டுவதில்லை. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி, காசநோயாளி சானடோரியத்தில் கிடக்காமல் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது. வயிற்று நோய்க்கு ஒன்பது மாத மருந்து வேண்டுமா என்ற ஐயத்தையும் 2015-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று தீர்த்தது. மருந்துக்கு அடங்கும் கிருமியானால் ஆறு மாதமே போதுமானது. அரசு நிலையங்களில் மருந்து இலவசம். வயிற்றில் மட்டும் உள்ள காசநோய் ஒரே பந்தியில் உண்பதால் ஒட்டாது. தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்குவது கொடுமை. நுரையீரலிலும் இருக்கிறதா என்று மார்புப் படம் எடுத்துப் பார்த்தல் மட்டும் அவசியம். மணப்பருவத்துப் பெண்ணுக்கு வந்தால் மறைக்க முயன்று, மாத்திரையையும் மறைத்து, இடையில் நிறுத்திவிடுகிறார்கள். நின்ற மருந்துதான் அடங்காத கிருமியை வளர்க்கிறது.

சிகிச்சை முடிந்ததும் அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். இறந்த கிருமியின் டி.என்.ஏ.யையும் அது எடுத்துக் காட்டிவிடும். காய்ச்சல் நின்றதா, பசி வந்ததா, எடை ஏறியதா, குடற்புண் ஆறியதா என்று பார்ப்பதே வழி. இவற்றில் முதல் மூன்றையும் நம் வீட்டுப் பெண்மணிகள் மருத்துவருக்கு முன்பே கண்டுபிடித்து விடுவார்கள்.