பக்கம் ஏன் தாமதமாக வருகிறது?



தோட்டத்து லயத்தில் ஒரு மாலை வேளை என்று வைத்துக்கொள்வோம். மேற்கல்விக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். அப்பாவின் பழைய கைப்பேசியுடன் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். விண்ணப்பப் பாரம் திறக்கவில்லை. திரை வெள்ளையாகவே இருக்கிறது. "நம்ம போன் சரியில்லம்மா" என்கிறார் அப்பா.

நேயர்களே, குற்றம் முழுவதும் போனுடையதன்று. அந்த அகப்பக்கத்தைச் செய்தவருக்கும் அதில் பங்குண்டு. இன்று நம் பிள்ளைகளிலும் சிலர் அகப்பக்கம் செய்யும் தொழிலைக் கற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த உரை.

பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை எச்.டி.எம்.எல். சொல்கிறது. அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். சொல்கிறது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் சொல்கிறது. இவற்றோடு படங்களும் வருகின்றன.

முதலில் படத்தின் எடையைப் பார்ப்போம். கேமராவில் எடுத்த படம் 3 மெகாபைட் இருக்கும் என்று கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே, நொடிக்கு 1 மெகாபிட் வரும் இணைப்பில் அந்த ஒரு படத்துக்கே 24 நொடி பிடிக்கும். அதையே திரைக்கு ஏற்ற அளவில் சிறிதாக்கி, வெப்பி போன்ற வடிவத்தில் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால், 1.2 நொடி போதும். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள படங்களை, வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறக்கச் சொல்லலாம். மேலே முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. அது உடனே வரவேண்டியது.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட். காலைப் பெரட்டில் ஒருவர் வரும்வரை மொத்தக் கூட்டத்தையும் மண்டோர் நிறுத்தி வைத்தால் வேலை என்னாகும்? உலாவியும் அப்படித்தான் செய்கிறது. எச்.டி.எம்.எல்.-ஐ மேலிருந்து படித்து வரும்போது நடுவில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கண்டால், அது வந்து இயங்கி முடியும்வரை மேற்கொண்டு படிக்காமல் நிற்கிறது. 'டிஃபர்' என்ற ஒரு சொல்லை அங்கே சேர்த்தால், "நீ பின்னால் வா, மற்றவர்கள் நடக்கட்டும்" என்று சொன்னதாகிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரே எடையுள்ள படமும் ஜாவாஸ்கிரிப்ட்டும் சமமல்ல. ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகும் கைப்பேசி அதைப் படித்து இயக்க வேண்டும். பழைய போன் திணறுவது இங்கேதான். ஆகவே அந்தப் பக்கத்துக்குத் தேவையானதை மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து வையுங்கள்.

மகள் 'அனுப்பு' என்ற பொத்தானைத் தொடப் போகிறாள். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு படம் வந்து விழுகிறது. பொத்தான் கீழே நழுவி, விரல் வேறெதிலோ படுகிறது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்தால், உலாவி அதற்கு இடம் ஒதுக்கிவிடும். இந்தத் தொல்லை இராது.

வேகத்தை அளக்கவும் வழியுண்டு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. தொட்டால் 200 மில்லிநொடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும் என்பது 2024 மார்ச்சில் சேர்ந்த அளவு. குரோம் உலாவியிலுள்ள 'லைட்ஹவுஸ்' என்ற இலவசக் கருவி, பக்கம் எங்கே தாமதிக்கிறது என்று காட்டும். இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதியும் அந்த உலாவியில் இருக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓர் அகப்பக்கம் செய்து காட்டினால், அதை உங்கள் பழைய போனில், லயத்து வாசற்படியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே விரைவாகத் திறந்தால், அது எல்லாருக்கும் திறக்கும்.