ஒளிக்கும் ஒரு குறுக்குப் பாதை

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளிடையே ஆற்றிய உரை)



லேசர் ஒளியின் மிகக் குறுகிய துடிப்புகளை மேலும் எப்படிக் குறுக்குகிறார்கள் என்பதே என் பேச்சு. தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைக் கண்டேன். பரவாயில்லை, இதற்கு உங்கள் பாடப்புத்தகமும் நம் தோட்டத்துப் பாதைகளும் போதும்.

முதலில் அளவு. ஒரு செக்கனோடு ஒப்பிட ஒரு பெம்டோசெக்கன் எவ்வளவு சிறியதோ, ஏறக்குறைய 3 கோடியே 17 இலட்சம் வருடங்களோடு ஒப்பிட ஒரு செக்கன் அவ்வளவு சிறியது. மூலக்கூறுகளில் அணுக்கள் அசைவதும் பிணைப்புகள் உடைவதும் இந்தக் கால அளவில்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் அதே அளவு குறுகிய வெளிச்சம் வேண்டும். கண் சத்திரசிகிச்சைக்கும் இத்தகைய துடிப்புகள் பயன்படுகின்றன. சூடு பக்கத்துக்குப் பரவுமுன் வெட்டு முடிந்துவிடும்.

ஆனால் ஒரே நிறமுள்ள ஒளியைக் குறுக்க முடியாது. நாதஸ்வரத்தில் ஒரே சுரத்தை நீட்டி ஊதினால்தான் அது இன்ன சுரமென்று காதுக்குத் தெரியும். தப்பில் விழும் ஓர் அடியோ சட்டென்று முடிந்துவிடுகிறது. அதற்குள் எத்தனையோ மீடிறன்கள் கலந்திருக்கின்றன. ஒளியும் அப்படியே. துடிப்பு குறுகியதாக வேண்டுமானால் அதில் நிறங்கள் பல இருக்க வேண்டும்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வரும்? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கண்ணாடியின் முறிவுச்சுட்டி, ஒரு குறித்த நிறத்துக்கு, மாறிலி என்று படித்திருக்கிறீர்கள். சாதாரண வெளிச்சத்துக்கு அது சரி. செறிவு மிகக் கூடிய லேசர் ஒளி புகும்போது அந்தச் சுட்டி சற்றுக் கூடுகிறது. துடிப்பின் முன்பகுதியில் செறிவு ஏறிக்கொண்டே போவதால் அலைகள் வரவரக் கூடுதலாகத் தாமதிக்கின்றன; இழுபட்டுச் சிவப்புப் பக்கம் சாய்கின்றன. பின்பகுதியில் செறிவு இறங்குகிறது. தாமதம் குறைய, அலைகள் நெருங்கி நீலப் பக்கம் போகின்றன. வெளியிலிருந்து யாரும் நிறம் சேர்க்கவில்லை. ஒளி தன் பலத்தாலேயே தனக்கு வேண்டிய நிறங்களை உண்டாக்கிக்கொள்கிறது.

இப்போது சிவப்பு முன்னே, நீலம் பின்னே. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளை நினையுங்கள். கெட்டிக்கால் அக்காமார் முன்னே போய்விட்டார்கள், சின்னதுகள் பின்னே. எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வர வேண்டுமா? அக்காமாரை வளைந்து வளைந்து போகும் கார் ரோட்டில் அனுப்புங்கள், சின்னவர்களைக் கொழுந்து மலைக்குள் குறுக்கில் இறக்கிவிடுங்கள். நுணுக்கமான கோடுகள் நெருக்கமாக வரையப்பட்ட தகடுகள் ஒரு சோடி இதைத்தான் செய்கின்றன. சிவப்புக்கு நீண்ட பாதை, நீலத்துக்குக் குறுகிய பாதை. எல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது துடிப்பு குறுகிவிடுகிறது.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவி தன் பேராசிரியர் ஜெரார் மூரூவுடன் 1985இல் செய்தது இதன் அடிப்படையில்தான். 1.4 கிலோமீற்றர் நீளமான ஒளியியல் நாரில் துடிப்பை அனுப்பி, நிறங்களைப் பெருக்கி, 300 பிக்கோசெக்கன் அளவுக்கு நீட்டினார்கள். நீட்டியதால் செறிவு தணிந்தது. கருவி உடையாமல் அதன் சக்தியைப் பெருக்க முடிந்தது. பிறகு தகடுகளால் சுமார் 2 பிக்கோசெக்கனுக்குச் சுருக்கினார்கள். 2018இல் இருவரும் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள். இதற்கு முன்னோடி வேலைகளும் உண்டு. பின்னர் 1987இல் பெல் ஆய்வுகூடத்தில் 6 பெம்டோசெக்கன் வரை போனார்கள். அதற்குள் ஒளி மூன்று முறைதான் அலையும்! இந்தத் துறையைக் கற்பவர்கள் கையில் எடுக்கும் நூல், இந்தியாவில் பிறந்த கோவிந்த் அகர்வால் 1989இல் எழுதியது.

பௌதிகவியல் நோபல் பெற்ற பெண்களில் ஸ்ட்ரிக்லண்ட் மூன்றாமவர். இரண்டாமவரான மரியா கெப்பர்ட் மேயர், ஓர் அணு இரண்டு ஒளித்துணிக்கைகளை ஒரே நேரத்தில் விழுங்கலாம் என்று 1931இல் வெளியான ஆய்வில் காட்டினார். லேசர் வந்த பிறகு, 1961இல்தான் அது பரிசோதனையில் நிரூபணமானது. இடையில் பல வருடங்கள் பல்கலைக்கழகங்களில் சம்பளமில்லாமல் வேலை செய்தார். நான்கூட அதைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

அக்காமாரே, இனி உங்களிடம் ஒன்று. விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகள் ஊவாவில் இன்னும் இருக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளைகள் பௌதிகத்தை விட்டு வேறு பிரிவுக்குப் போவது விருப்பத்தால் மட்டுமல்ல. மண்டபத்துக்கு வர்ணம் பூசச் சேர்த்த காசில் ஒரு பங்கையாவது, அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் நம் ஆய்வுகூடத்துக்கு வந்துபோகும் பஸ் செலவுக்கு ஒதுக்குங்கள். வர்ணம் அடுத்த வருடமும் பூசலாம். முதல் மூன்று மாத வகுப்பை நான் எடுக்கிறேன்.

கருவி இல்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய சீடி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீற்றர்தான், நான் சொன்ன தகட்டின் வேலையை ஓரளவு அதுவும் செய்யும். டோர்ச் வெளிச்சம் போதும், லேசரைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. சன்னல்களைச் சாத்துங்கள் பிள்ளைகளே, எந்த நிறம் எந்தக் கோணத்தில் போகிறதென்று அளந்து பார்ப்போம்.