சாந்து பூசாத சுவர்

பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன கெல்லிஸ் காசல் மாளிகையைப் பற்றிப் பேராக்காரர்களுக்கு நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். பேய்க் கதையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேய்க் கதையைக் கேட்டால்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வருகிறவர்கள் இருட்டறையைத் தேடுகிறார்கள், சுரங்கம் எங்கே என்று கேட்கிறார்கள். தலைக்கு மேலே நிற்கிற வளைவை நிமிர்ந்து பார்ப்பவரைக் காணோம். இன்று அந்த வளைவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார். கோயில் திருப்பணிக்காக ஈப்போவுக்கு வந்து ஏழு ஆண்டாகச் சுதை வேலை பார்க்கிறேன். போன விடுமுறைக்கு ஊரிலிருந்து மனைவியும் மகளும் மகனும் வந்திருந்தார்கள். ஞாயிறு காலை பசியாறிவிட்டு, நண்பரின் வண்டியில் காசலுக்குப் புறப்பட்டோம். ராயா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பிள்ளைகள் கோபுரத்துக்கு ஓடினார்கள். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

1890-ல், இருபது வயதில் ஸ்காட்லாந்திலிருந்து இங்கே வந்தவர் வில்லியம் கெல்லி ஸ்மித். கிந்தா கெல்லாஸ் ரப்பர்த் தோட்டம் அவருடையது. 1915-ல் இந்த மாளிகையைத் தொடங்கினார். கட்ட வந்தவர்கள் சென்னை மாகாணத்துத் தமிழர்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவை. 1926 டிசம்பரில் லிஸ்பனில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். வேலை அப்படியே நின்றுபோனது.

நின்றுபோனதால்தான் நமக்குக் கட்டியவர்களின் கைகள் தெரிகின்றன. வேலை முடிந்திருந்தால் சாந்து பூசி மூடியிருப்பார்கள். சாந்து ஏறாத இடத்திலும் உதிர்ந்த இடத்திலும் செங்கல் வரிசை திறந்து கிடக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள். வளைவு ஒன்றைக் கட்ட முதலில் மரத்தில் அச்சு அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கல் ஏறி வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பாரம் அச்சைத் தள்ளிவிடும். கல்லைச் செதுக்காமல் வைத்தால் இடையில் போடும் சாந்து கீழே மெல்லிசாகவும் மேலே தடிமனாகவும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கண்ணில் இருக்கிறது, அளவுகோலில் இல்லை. கடைசியாக நடுவில் உச்சிக்கல். அது இறங்கி உட்கார்ந்த பிறகு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே எல்லாக் கல்லும் நிற்கும். திரும்பச் சொல்கிறேன்: நெருக்கிக்கொண்டே நிற்கும். கம்பி இல்லை, காங்கிரீட் இல்லை.

என் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அச்சைப் பிரிக்கும்போது மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, வளைவுக்கு நேர் கீழே தான் மட்டும் போய் நிற்பார். "கட்டினவன்தான் முதல்ல நிக்கணும்" என்பார். நான் சின்னப் பையன், வாசலில் நின்று அழுதிருக்கிறேன்.

இப்போது ஃபைபரில் அச்சு எடுத்து வளைவை ஒட்டுகிறார்கள். தூரத்திலிருந்து அழகுதான். பாரம் சுமக்காத ஒன்றை வளைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று காசலைப் பார்த்த பிறகு பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். முதல் உலகப் போர் முடிகிற நேரத்தில் பரவிய விஷக்காய்ச்சலில் வேலையாட்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார். அவர்களும் கோயிலின் மேலே, தெய்வ உருவங்களோடு தொப்பி போட்ட துரையையும் நிறுத்திவைத்தார்கள்.

"இவரும் சாமியாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா, கோயில் கட்டிக்கொடுத்தவர். கட்டினவங்க செஞ்சு வச்சது."

"அவங்க சிலை எங்கே?"

அந்தக் கேள்விக்கு நான் அவளைத் திரும்பவும் வராந்தாவுக்கே கூட்டிப்போனேன். ஒரு வளைவின் அடியில் நிறுத்தி, அச்சு பிரித்த நாளில் இங்கே ஒரு மேஸ்திரி நின்றிருப்பார் என்று சொன்னேன். அவள் அண்ணாந்து கல்லை எண்ண ஆரம்பித்தாள். உச்சிக்கல் வரைக்கும் எண்ணினாள்.