துருவமீன் காட்டும் தொலைவு



தில்லி ஜந்தர் மந்தரை நாம் அறிவோம். 1724ஆம் ஆண்டில் சவாய் ஜெய்சிங் மன்னர் எழுப்பிய வானாய்வுக்கூடம் அது. அங்குள்ள சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த விளிம்பு, புவியின் அச்சுக்கு இணையாக நின்று வடதுருவத்தை நோக்குகிறது. அதன் நிழல் பொழுதை உரைக்கிறது.

அவ்விளிம்பின் சாய்வு ஏறத்தாழ 28½ பாகை. தில்லி அடிவானத்திற்கு மேல் துருவமீன் நிற்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே. சென்னையிலோ அது 13 பாகையளவே. புவி உருண்டையாதலின், வடக்கே செல்லச் செல்ல அம்மீன் உயர்கிறது. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டராக, நாம் வடக்கே வந்த தொலைவு ஏறத்தாழ 1,720 கிலோமீட்டர் என வானமே அளந்து தருகிறது!

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் குழந்தைகள் ஈரிடத்தும் அம்மீனை நோக்கட்டும். நூலில் படித்த உருண்டை, அன்று கண்ணால் கண்ட உண்மையாகும். ஊரும் நினைவில் நிற்கும்.