மட்டையும் மதிப்பெண்ணும்



விளையாட்டுத் திறமையைத் துணையாகக் கொண்டு கல்லூரியில் இடம் பெறுவது எத்துணைக் கடினம் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கோவில்பட்டி வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், ஹாக்கி மட்டையை ஒரு கையிலும் சான்றிதழ்க் கட்டை மறு கையிலும் ஏந்திக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களை எண்ணியே பேசுகிறேன்.

எங்கள் ஊரை வெளியூரார் தீப்பெட்டியாலும் கடலை மிட்டாயாலும் அறிவர். அவற்றோடு சேர்த்துச் சொல்லத் தக்கது ஹாக்கி. கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மண் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியையும் கம்பையும் உளுந்தையும் நம்பி வாழும் குடும்பத்திலும், தீப்பெட்டி ஆலைக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திலும், நன்றாக ஆடும் பிள்ளைக்கு விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. கட்டணமின்றிப் படிக்கவும், விடுதியில் உணவு பெறவும், பின்னர் இரயில்வேயிலோ வங்கியிலோ வேலையில் அமரவும் அது வழியாகும் என்று வீடே நம்பிக் காத்திருக்கிறது.

அந்த நம்பிக்கை ஆதாரமற்றதன்று. கோவில்பட்டியில் இன்று செயற்கைப் புல்தரை ஆடுகளம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பயிற்சி மையம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் இளையோர் ஆடவர் தேசிய ஹாக்கிப் போட்டி இவ்வூரிலேயே நடைபெற்றது. அதே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பைப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இடம் பெற்றனர். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி ஒரு கோல் அடித்தார். இந்தியா வெண்கலப் பதக்கத்தோடு திரும்பியது.

இவற்றைக் கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும், “நானும் நன்றாக ஆடினால் கல்லூரி என்னை அழைத்துக்கொள்ளும்” என்றே எண்ணுகிறான். இங்கேதான் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஹாக்கியில் களத்தில் நிற்போர் பதினொருவர். மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து ஒரு கல்லூரி அணியில் 18 பேர் என்று கொள்வோம். பட்டப் படிப்பு மூன்றாண்டு. எனவே, ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு இடங்களே காலியாகும். அந்த ஆறும் எல்லாருக்கும் பொதுவானவை அல்ல. படித்து முடித்து வெளியேறுவோர் பின்கள ஆட்டக்காரராயின், வேண்டப்படுவோரும் பின்கள ஆட்டக்காரரே. கோல் காவலர் இருவரும் இரண்டாம் ஆண்டில் பயில்வாராயின், அவ்வாண்டு எத்துணைச் சிறந்த கோல் காவலன் வந்தாலும் அவனுக்கு இடம் இராது. தேர்வாளர் மிகச் சிறந்தவனைத் தேடுகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவரோ தம் அணியில் விழுந்த வெற்றிடத்தை நிரப்பத் தக்கவனைத் தேடுகிறார். இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளை, இடம் கிடைக்காதபோது தனக்கு ஆடவே தெரியாது என்று மனம் உடைகிறான்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும், பள்ளியில் பேஸ்பால் ஆடுவோருள் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தைச் சார்ந்த கல்லூரி அணிகளில் சேர்வோர் நூற்றுக்குப் பதின்மர்கூட இலர். அச்சங்கத்தின் முதற்பிரிவில், 2025 வரை ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகை என்பதே வரம்பாக இருந்தது. அதைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். முன்களத்தில் நின்று கோல் அடிப்பதில் வல்லவன். தாய் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவர். முதலில் சென்ற கல்லூரியில் அரை மணி நேரம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் முகம் வாடி நிற்கவில்லை. தேர்வாளரை அணுகி, “ஐயா, தங்களுக்கு எந்த இடத்திற்கு ஆள் வேண்டும்?” என்று பணிவோடு கேட்டான். “முன்களத்திற்கு நால்வர் இருக்கிறார்கள், தம்பி, நடுக்களத்திற்குத்தான் ஆள் இல்லை” என்றார் அவர். பள்ளி அணியில் ஆள் குறைந்த காலத்தில் ஓராண்டு நடுக்களத்தில் ஆடியவன் அவன். அதை அடுத்த கல்லூரியில் முதலிலேயே எடுத்துச் சொன்னான். இடம் கிடைத்தது. முதற் கல்லூரிக்கும் இரண்டாவதற்கும் இடையே கழிந்தவை பன்னிரண்டு நாட்கள். அதற்குள் அவன் திறமை வளர்ந்துவிடவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டான், அவ்வளவே.

ஆகவே, ஓரிடத்தில் மட்டும் ஆடிப் பழகாதீர்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது செயற்கைப் புல்தரையிலும் ஆடிப் பாருங்கள். சரள் மண்ணில் பந்து துள்ளும். நீர் தெளித்த புல்தரையில் வழுக்கி விரையும். மண் தரையில் மட்டுமே பழகிய கை அங்கே முதல் நாள் தடுமாறும். அந்த முதல் நாள் தேர்வு நாளாக இருத்தல் ஆகாது. தேர்வாளர் உங்களைக் காண்பது சில நிமிடங்களே. பந்து உங்களிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறீர்கள், பறிகொடுத்த பந்தை மீட்க ஓடி வருகிறீர்களா என்பதையும் அவர் பார்க்கிறார்.

அடுத்தது சான்றிதழ். குறுவட்டப் போட்டிக்கு ஒரு மதிப்பு. மாவட்டம், மாநிலம், தேசியம் என ஏற ஏற வேறு மதிப்பு. பிறப்புச் சான்றில் ஒரு தலைப்பெழுத்தும் விளையாட்டுச் சான்றில் வேறொரு தலைப்பெழுத்தும் இருந்தமையால், வாயில் வரை சென்று திரும்பியவர்களை நான் அறிவேன். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பெயரையும் பிறந்த நாளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாத இறுதியில் திருத்துவதற்கும் மூன்றாண்டு கழித்துத் திருத்துவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

இறுதியாக, பெற்றோர் கேட்க விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முயல்வோருள் பெரும்பாலோர்க்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பதில்லை. பொறியியல் சேர்க்கைக்கு மாநிலம் முழுவதற்கும், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒதுக்கப்படுவன 500 இடங்கள். ஆனால் கல்லூரி ஆடுகளத்திற்கு மற்றொரு வாயிலும் உண்டு. மதிப்பெண்ணால் சேர்ந்த மாணவனும் அணித் தேர்வில் கலந்துகொள்ளலாம். அணியில் சேர்ந்துவிட்டால், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியும், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியும் அவனுக்கும் திறந்தே இருக்கின்றன. அவன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்று பந்து கேட்பதில்லை.

மாலையில் ஆடுகளத்தில் இரண்டு மணி நேரம் உழைக்கும் பிள்ளை, இரவில் ஒரு மணி நேரமாவது பாடநூலோடு உழைக்கட்டும். கரிசல் உழவன் பருத்தியை மட்டும் நம்பி நிலம் முழுவதையும் விதைப்பதில்லை. பருத்திக்கிடையே உளுந்தும் ஊன்றுகிறான். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று வீட்டைக் காக்கும் என்பது அவன் பட்டறிந்த பாடம். அவன் பிள்ளைகளாகிய உங்களுக்கு அதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.