உடைந்த பின் ஏந்தும் துண்டு

எலும்பு முறிவு அறுவைக்கு ஊர்கூடிப் பணம் திரட்டுவது, ஆள் விழுந்த பிறகு தொடங்கும் வேலை. எக்ஸ்ரே படம், கட்டிலில் கிடப்பவரின் முகம், வேண்டிய தொகை, ஓர் இணைப்பு ஆகியவை வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகின்றன. விக்டோரியாவின் கிளேட்டனில் கூடியிருக்கும் இந்த அவையில் அப்படியொரு செய்தி வராத கைபேசி இருக்காது. பணம் போட்டவர்களின் மன ஈரத்தை இம்மேடை குறை சொல்லவில்லை. துண்டு ஏந்தும் நேரத்தைத்தான் குறை சொல்கிறது.

முறிந்த எலும்புக்கு ஒரு கணக்கு உண்டு. முறிந்த இடத்தில் இரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான புது எலும்பு படரத் தொடங்கும். நேராக நிறுத்தியிருந்தால் நேராக ஒட்டும், கோணலாகக் கிடந்தால் கோணலாகவே ஒட்டும். அதற்குப் பின் பணம் வந்து சேர்ந்தால், ஒட்டியதை மறுபடி உடைத்துத்தான் கம்பியோ பிளேட்டோ வைக்க வேண்டும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் கணக்கு மணிகளில் ஓடும். கழுவித் துப்புரவாக்கத் தாமதித்தால் சீழ் எலும்புக்குள் இறங்கிவிடும். முதியவருக்கு இடுப்பு முறிந்தால் 36 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும் என்கிறது 2023-இல் புதுப்பிக்கப்பட்ட ஆஸ்திரேலிய மருத்துவத் தரவிதி. 36 மணி நேரத்தில் பெரும்பாலான திரட்டல்களுக்கு நல்ல தலைப்புக்கூட அமைந்திருக்காது.

கெடுவுக்குள் பணம் சேரும் என்பதற்கும் உறுதியில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கோஃபண்ட்மீ தளத்தில் 200 மருத்துவத் திரட்டல்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். இலக்கைத் தொட்டவை ஏறக்குறைய பத்தில் ஒன்று. கதையை உருக்கமாக எழுதத் தெரிந்தவருக்கும், வசதியான நண்பர்கள் உள்ளவருக்கும் பணம் வந்தது. இதில் முறிவுக்காரர் இரட்டை நட்டக்காரர். புற்றுநோய்க்கும் குழந்தையின் இதயத்துக்கும் கண்ணீர் வரும். கணுக்கால் முறிவுக்கு யாருக்கும் தொண்டை அடைப்பதில்லை. ஆனால் கணுக்கால் கோணிப்போன கொத்தனார் சாரம் ஏற முடியாது. அவருடைய குடும்பத்துக்கு அது உயிர்போகும் நோய்தான். புத்தூர்க் கட்டு, ஒட்டகப்புலத்து முறிவு வைத்தியம் போன்ற நாட்டு மருத்துவத்தை ஏழைகள் தேடிப் போவதில் நம்பிக்கைக்குப் பங்கு உண்டு, கையிருப்புக்கும் உண்டு.

இந்தத் திரட்டல் முறையை ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கோஸ்டாரிகாவில் பணியாற்றிய சேஸ் ஆடம் என்ற அமெரிக்க இளைஞர், பேருந்தில் ஒரு தாய் தன் மகனின் சிகிச்சைக்காகக் கையேந்தி வந்ததைப் பார்த்தார். பேருந்து அப்போது கடந்துகொண்டிருந்த ஊரின் பெயரையே வைத்து 2012-இல் வாட்சியைத் தொடங்கினார். எந்த மருத்துவமனை, என்ன செலவு, பணம் எப்போது போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் எவரும் பார்க்கும் ஏட்டில் ஏறின. கென்யாவின் கிஜாபே போன்ற இடங்களில் கால் முறிந்தவர்கள் அந்தப் பணத்தில் எழுந்து நடந்தார்கள். நேர்மையில் பழுதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நோயாளியும் தன் முகத்தைக் கடைவிரிக்க வேண்டியிருந்தது.

முகம் கேட்காத வழியும் உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய எலும்பு மருத்துவர் லூயிஸ் சர்க்கிள், 1999-இல் சைன் என்ற அமைப்பைத் தொடங்கினார். தொடை, முழங்கால் கீழ் எலும்புகளுக்குள் செலுத்தும் எஃகுக் கம்பியை, அறுவை அரங்கில் எக்ஸ்ரே கருவி இல்லாமலே பொருத்தும்படி வடிவமைத்தார்கள். ஏழைநாட்டு மருத்துவமனை அதை இலவசமாகப் பெறுகிறது. செய்த அறுவையின் விவரத்தைப் படத்தோடு பதிந்தால் பயன்படுத்திய கம்பிக்கு ஈடாகப் புதியது வருகிறது. 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த முறை ஓடுகிறது. ஆள் விழுமுன்பே கம்பி அலமாரியில் இருக்கிறது. இம்மேடையின் வாதம் முழுவதும் அந்த அலமாரிக்குள் அடங்கும்.

அரசும் அப்படி முன்கூட்டியே பணத்தை வைக்கலாம். தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. விக்டோரியாவில் அதே வேலையைப் போக்குவரத்து விபத்து ஆணையம், அதாவது டிஏசி, 1987 முதல் செய்துவருகிறது. யார்மேல் தவறு என்று அது கேட்பதில்லை, விசாவையும் கேட்பதில்லை. மோட்டார் வாகனமோ ரயிலோ டிராமோ சம்பந்தப்பட்ட விபத்தில் எலும்பு முறிந்தவருக்காக இங்கே துண்டு ஏந்துகிறவர்கள், முதலில் டிஏசி படிவத்தை நிரப்பட்டும். வேலையிடத்தில் விழுந்த தொழிலாளிக்கு வொர்க்சேஃப் காப்பீடு இருக்கிறது. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இல்லாத புகலிடக் கோரிக்கையாளரிடம் அரசு மருத்துவமனை கட்டணம் கேட்கக் கூடாது என்பது இந்த மாநிலத்தின் கொள்கை. உரிமையாக வர வேண்டியதை இரந்து வாங்குவது பெருந்தன்மை ஆகாது, அறியாமை.

கிளேட்டன் சாலையில் ரயில் கேட் இருந்த காலத்தை அவையோர் மறந்திருக்க மாட்டார்கள். மோனாஷ் மெடிக்கல் சென்டருக்கு விரைந்த ஆம்புலன்ஸ், கேட் அடைத்தால் நின்றது. கால்ஃபீல்டுக்கும் டண்டினோங்குக்கும் இடையே அத்தகைய ஒன்பது கேட்டுகளை எடுக்கும் திட்டத்துக்கு ஆன செலவு 160 கோடி டாலர். இங்கே 2018-இல் தண்டவாளம் மேலேறியது. யாரும் கேட்டருகே நின்று சில்லறை சேர்த்து அதைத் தூக்கவில்லை. வரிப்பணம் தூக்கியது.

எலும்பு முறிந்தவர்களின் வழியிலோ இரண்டு கேட்டுகள் இன்னும் அடைத்தே கிடக்கின்றன. ஒன்று, பேரப்பிள்ளையைப் பார்க்க வருகை விசாவில் வந்த தாய் தந்தையருக்கு. மெடிகேருக்குப் பரஸ்பர ஒப்பந்தம் உள்ள நாடுகள் 11. இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் அதில் இல்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்தால், அரசு மருத்துவமனையிலும் படுக்கைக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். ஆம்புலன்ஸ் சவாரிக்கே ஆயிரத்தைத் தாண்டும். விமான டிக்கெட்டுக்கு நாள் பார்த்து, விலை பார்த்து, சாமான் எடையும் பார்க்கும் பிள்ளைகள் பலர் காப்பீட்டுக்கு மட்டும் “அம்மா திடமாகத்தானே இருக்கிறாள்” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேட்டைத் திறக்கும் சாவி அவரவர் வீட்டிலேயே இருக்கிறது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இரவு விருந்தில் சேரும் பணத்தின் ஒரு பகுதியைப் பெயர் குறிக்காமல் ஒதுக்கி வைத்தால், காப்பீடு கைவிட்டவருக்கு மறுநாளே கொடுக்கலாம்.

இன்னொரு கேட், மழையில் சறுக்கி விழும் உணவு விநியோக இளைஞருக்கு. அவருடைய மின்சைக்கிளில் வேறு வாகனம் மோதவில்லை என்றால் டிஏசி வராது. தனி ஒப்பந்தக்காரர் என்று ஏட்டில் இருந்தால் தொழிலாளர் காப்பீடும் பெரும்பாலும் வராது. அவர் மாணவராக வந்தவர் என்றால், மாணவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்கும். வேலையில்லாத வாரங்களின் வாடகையைத் தாங்காது. 2020 செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையே இந்த நாட்டில் இப்படிச் சோறு சுமந்தவர்கள் ஐந்து பேர் சாலையில் இறந்தார்கள். 2024 ஆகஸ்ட் 26 முதல் இவர்களுக்குக் குறைந்தபட்ச வேலைத் தரங்களை விதிக்கும் அதிகாரம் ஃபேர் வொர்க் ஆணையத்துக்கு வந்திருக்கிறது. விபத்துக் காப்பீட்டை அந்தத் தரங்களில் சேர்க்கச் சொல்லும் மனு, மண்டபத்தின் வாசல் மேசையில் கையெழுத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது.