கேள்வி யாரை நோக்கி வருகிறது?

(திருமுருகன்பூண்டியில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறு நாள் ஷிப்ட் பார்த்த உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிடைக்கிறது. அன்றைக்கும் துணி துவைக்க வேண்டும், கறி எடுக்க வேண்டும், மதியம் கொஞ்சம் கண்ணை மூட வேண்டும். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

போன இரண்டு கூட்டங்களாக இங்கே ஒரு சண்டை நடக்கிறதாம். இன்றைக்கு வருகிற நட்சத்திரப் பேட்டிகள் எல்லாமே சொம்பு தூக்குவதுதான் என்கிறார் ஒரு தோழர். பத்து மணி நேரம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன் பத்து நிமிடம் ஒரு நடிகர் சிரிப்பதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன போச்சு என்கிறார் இன்னொருவர். என்னை வந்து தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நாட்டாமை வேலைக்கு நான் வரவில்லை. அந்த வேலையையே ஒழிக்க வேண்டும் என்பவர்கள் நாம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், சண்டையை நீங்கள் தொடருங்கள்.

2022 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியில் நடிகர் விஜய் பேட்டி கொடுத்தார். ஏறக்குறைய பத்து வருடம் கழித்து ஒரு பேட்டி என்று ஊரே காத்திருந்து பார்த்தது. நானும் பார்த்தேன். கேள்வி கேட்டவர் நெல்சன். அவர்தான் அந்த வாரம் வெளிவந்த 'பீஸ்ட்' படத்தின் இயக்குநர். படத்தைத் தயாரித்தது சன் பிக்சர்ஸ். ஒளிபரப்பியது சன் டிவி. கேட்பவர், சொல்பவர், காட்டுபவர் மூவரும் ஒரே சரக்கை விற்பவர்கள். நம் கம்பெனியில் தைத்தவரே செக்கிங்கிலும் உட்கார்ந்தால் ஒரு பீஸாவது ரிஜெக்ட் ஆகுமா? இரண்டு வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே விஜய் கட்சி தொடங்கினார். தமிழ்நாட்டில் நடிகரிடம் என்ன கேட்கிறோம் என்பது வெறும் சினிமாச் செய்தி கிடையாது. நாளைக்கு ஓட்டுக் கேட்டு வரப் போகிறவரிடம் இன்றைக்கு என்ன கேட்கிறோம் என்பதுதான் அது.

அப்படியென்றால் காரசாரமாகக் கேட்பதுதான் நல்ல பேட்டியா? ஜெயலலிதாவை வைத்தே பார்க்கலாம். சிமி கரேவால் அவரிடம் மென்மையாகப் பேசினார். அதில் குழந்தைப் பருவம் வந்தது, தனிமை வந்தது, அவர் இந்திப் பாட்டுக்கூடப் பாடினார். 2004-இல் பிபிசிக்காகக் கரண் தாப்பர் எடுத்த பேட்டியில் காலில் விழும் கலாச்சாரத்தைப் பற்றியும் ஜோசிய நம்பிக்கையைப் பற்றியும் கேட்டார். இந்தப் பேட்டியில் எனக்கு மகிழ்ச்சியில்லை என்று அம்மையார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு எழுந்தார். இரண்டும் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன, இரண்டிலும் நமக்குத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது. அதனால் குரலின் சூட்டை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. நான் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறேன். எந்தக் கேள்வி யாரிடம் போகிறது, யாரிடம் போவதே இல்லை என்று பார்ப்பேன்.

2025 நவம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். '96' படத்திலும் 'கர்ணன்' படத்திலும் நடித்த கௌரி கிஷன். அவர் நடித்த 'அதர்ஸ்' படத்துக்கான சந்திப்பில் ஒரு யூடியூபர் கதாநாயகனிடம், பாட்டில் ஹீரோயினைத் தூக்கினீர்களே, எவ்வளவு வெயிட் இருந்தார் என்று கேட்கிறார். பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில் கௌரி அதைத் தட்டிக் கேட்கிறார். அறை முழுக்க ஆண்கள். கூட உட்கார்ந்திருந்த கதாநாயகனும் இயக்குநரும் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. கேட்டவரோ கேள்வியில் தப்பே இல்லை என்று சத்தம் போடுகிறார். அந்தப் பெண் ஒற்றை ஆளாக நின்று, இது உருவக் கேலி என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். நடிகர் சங்கமும் சென்னை பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தன.

கௌரிக்கு முன்னால் மைக் இருந்தது. மைக் இல்லாதவர்களுக்கு என்ன ஆகிறது என்று என் வீட்டில் பார்த்தேன். சித்தப்பா மகள், செக்கிங்கில் வேலை. ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே இரண்டு பையன்கள் மைக்கோடு நின்று, சிஸ்டர் ஒரு ஜாலி கேள்வி என்று கூப்பிட்டு, லவ் பண்றீங்களா என்று கேட்டார்கள். அவள் சிரித்தாள். பதில்கூடச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை வெட்டி, மேலே ஒரு தலைப்பை ஒட்டிப் போட்டார்கள். கீழே கமெண்டில் முதலில் அழகைப் பற்றி வந்தது. அப்புறம் எந்த ஊர் என்று வந்தது. அதற்கப்புறம் யாரோ தெருப் பெயரைப் போட்டார்கள். நம் பக்கத்தில் தெருப் பெயர் சொன்னால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பா இரண்டு மாதம் அவளை வேலைக்கு அனுப்பவில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லி எழுதினேன். நல்லா வியூஸ் போகுது ப்ரோ, பாசிட்டிவ் கமெண்ட்தான் நிறைய என்று பதில் வந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் சிரிச்சதுதான் தப்பாங்ண்ணா?"

இதை ஜாலி கேள்வி என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்த மாவட்டத்தின் பெயரை நினைவூட்டுங்கள். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா வெட்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார். ஒரு பெண் யாரைக் காதலிக்கிறாள் என்பது உயிர் போகிற கேள்வியாக இருக்கிற மண் இது.

சரி, சாதியைப் பற்றிய கேள்வி யாரிடம் போகிறது? பா. இரஞ்சித்திடம் போகிறது. மாரி செல்வராஜிடம் போகிறது. 'பரியேறும் பெருமாள்' வந்த 2018-இலிருந்து 'பைசன்' வந்த 2025 வரைக்கும் ஒவ்வொரு படத்துக்கும், ஏன் தொடர்ந்து சாதிப் படமே எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எடுப்பது சாதி எதிர்ப்புப் படம் என்று அவரும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. 'சின்னக் கவுண்டர்' என்றும் 'தேவர் மகன்' என்றும் பெயரிலேயே சாதியை வைத்துக்கொண்டு வந்த படங்கள் இதே திருப்பூர் தியேட்டர்களில் கைதட்டலோடு ஓடின. அவற்றைச் சாதிப் படம் என்று யாரும் சொல்லவில்லை, கிராமத்துப் படம் என்றார்கள், குடும்பப் படம் என்றார்கள். 'தேவர் மகன்' வந்தது 1992. முப்பது வருடம் கழித்து, 2023-இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் எதிரே உட்கார்ந்திருக்க, அந்தப் படம் தன்னை என்ன செய்தது என்று மாரி செல்வராஜ்தான் பேச வேண்டியிருந்தது. பேட்டி எடுத்தவர்கள் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியதை, அடி வாங்கிய பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். அதற்கும் எவ்வளவு வசவு வாங்கினார் என்று நமக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2024 ஆகஸ்ட். நடிகர் ரஞ்சித், 'கவுண்டம்பாளையம்' படத்தை எடுத்தவர், சேலத்தில் தியேட்டரை விட்டு வெளியே வருகிறார். நீட்டிய மைக்குகளுக்கு முன்னால், ஆணவக் கொலை வன்முறை கிடையாது, பெற்றவர்களின் அக்கறை என்கிற பொருளில் பேசுகிறார். பைக் காணாமல் போனால் கோபம் வராதா என்று ஒப்பிடுகிறார். மகள் என்பவள் பைக்கா, அவளுக்கு வாய் இல்லையா என்று அங்கேயே, அப்போதே கேட்க ஒரு வரி போதும். மறுநாள் கண்டனம் வந்தது, விளக்கம் வந்தது, வழக்கு என்றார்கள். ஆனால் நான் சொல்வது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி. மைக்கை நீட்டுவது மட்டும் வேலை என்றால் அதற்கு ஒரு ஸ்டாண்ட் போதும், ஆள் எதற்கு?

இது புதிதும் இல்லை. 2015 ஜூன் 23, ஓமலூர் கோகுல்ராஜ், தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு மலைக் கோவிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளைப் பரப்பினார், தொலைக்காட்சியிலும் பேசினார். போலீசுக்குக் கிடைக்காத ஆள் கேமராவுக்குக் கிடைத்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஒரு கொலை வழக்குக் குற்றவாளியை நட்சத்திரமாக்கியதில் அந்த ஒளிபரப்புகளுக்குப் பங்கில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் அவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. கோகுல்ராஜின் அம்மா ஏழு வருடம் நீதிமன்றப் படி ஏறியதற்கு எத்தனை மைக்குகள் கூடப் போயின?

அவர்களை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நானும் ஒரு பேட்டி எடுத்திருக்கிறேன். நம் பக்கத்து ஊர்ப் பறை கலைஞர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எப்போது அவமானப்பட்டீர்கள், எங்கே ஒதுக்கினார்கள், சாவு வீட்டில் எப்படி நடத்தினார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நோட்டை மூடும்போது, "ஏந்தம்பி, அடியைப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றார். நாற்பது வருடம் வாசித்த கை அது. எத்தனை அடி தெரியும், யாரிடம் கற்றார், தோலை எப்படிக் காய்ச்சுவார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய வலி எனக்குத் தேவைப்பட்டது, அறிவு தேவைப்படவில்லை. முற்போக்கு என்று சொல்லிக்கொள்கிற நாமும் ஒடுக்கப்பட்டவரிடம் கண்ணீரை மட்டும் கேட்டு வாங்குகிறோம். அந்தப் பேட்டியை நான் வெளியிடவில்லை. மறுபடி போய்க் கேட்டேன்.

எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு பேட்டியைச் சொல்கிறேன். 1955-இல் பிபிசி அண்ணல் அம்பேத்கரைக் காந்தியைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தது. ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, கேளுங்கள். அதில் அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று உட்கார வைத்து உச்சுக் கொட்டவில்லை. ஒரு வரலாற்றுச் சாட்சியாக, ஒரு ஆய்வாளராகக் கேட்கிறார்கள். எதிரியாக நின்று சந்தித்ததால்தான் மற்றவர்களைவிடத் தனக்குக் காந்தியை நன்றாகத் தெரியும் என்கிறார். ஆங்கிலப் பத்திரிகையில் காந்தி சாதியைப் பற்றி எழுதியதையும் குஜராத்திப் பத்திரிகையில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்கிறார். கேட்பவர் சுருக்கமாகக் கேட்கிறார். பதில் வந்ததும், அப்படியானால் நீங்கள் சொல்வது இதுதானா என்று அடுத்த கேள்வியை வைக்கிறார். இவ்வளவுதான் தோழர்களே. நல்ல பேட்டியின் உயிர் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

நம் ஊர்க் கதையோடு முடிக்கிறேன். சேரமானிடம் பொன்னும் பொருளும் வாங்கி வந்த சுந்தரரை இந்தப் பூண்டியில் வேடர்கள் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள் என்பது தலபுராணம். சுந்தரர் கோவிலுக்குள் போய், கொள்ளை நடக்கிற ஊரில் நீர் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர் என்று சாமியையே கேட்டார். அதுவரைக்கும் நல்ல கேள்வி. ஆனால் கதைப்படி கொள்ளையடித்தது வேடர்களே இல்லை, வேடர் வேடத்தில் வந்த சிவனுடைய ஆட்கள். பொருள் திரும்பி வந்தது, சுந்தரருக்குப் பாட்டு இருக்கிறது, சாமிக்குக் கோவில் இருக்கிறது. வேடர்களுக்குத் திருடர் என்ற பெயர் நின்றுவிட்டது. நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று ஒருவரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை.

கேட்கிற வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. கைமடித்துக் கட்டுகிற பாட்டியிடம், சிற்பக் கூடத்தில் கல்தூசியை மூச்சில் வாங்குகிறவரிடம், விடியுமுன் நம் தெருவைக் கூட்டுகிற நகராட்சித் தொழிலாளியிடம், ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணிடம் போய் உட்காருங்கள். அனுமதி கேளுங்கள். அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள், என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். வெளியிடும் முன் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். ஊரும் தெருவும் முகமும் யாருக்கு ஆபத்தாகும் என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

நட்சத்திரப் பேட்டிகளையும் பாருங்கள், சிரியுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும். சாதிப் பெருமை பேசுகிற பேட்டியைத் திட்டுவதற்காகக்கூட அப்படியே பகிராதீர்கள். கோபத்தில் அழுத்தினாலும் வியூ வியூதான், அவருக்குக் காசுதான். அவரிடம் கேட்கப்படாமல் போன கேள்வி எதுவோ, அதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிப் போடுங்கள்.

சித்தப்பா மகள் இப்போது மறுபடி வேலைக்குப் போகிறாள். போன வாரம் என்னிடம், "நீங்க பேட்டி எடுக்கறீங்கல்ல, நான் கேள்வி எழுதித் தரட்டுமாங்ண்ணா?" என்றாள். எழுதியும் கொடுத்திருக்கிறாள். முதல் கேள்வி கேட் முன்னால் மைக்கோடு நிற்கிற பையன்களுக்கு: "அன்னைக்கு என் பேரை ஏன் கேக்கலை?"

ஜெய்பீம்.